சைக்கிள் கைப்பிடியும் உராய்வு விசையும்

புதுச் சைக்கிள் வாங்கினால் மணியை அடித்துப் பார்க்கிறோம், டயரை அமுக்கிப் பார்க்கிறோம், பெடலைச் சுழற்றிப் பார்க்கிறோம். கைப்பிடியை யாரும் கவனிப்பதில்லை. ஓரிரு ஆண்டுகள் வெயிலில் காய்ந்தபின் அந்தப் பிளாஸ்டிக் உறை விறைத்துப் போகிறது. பிறகு குழாயின்மேல் தானாகச் சுற்றத் தொடங்குகிறது. ஒரு நாள் ஏற்றத்தில் அழுத்தி மிதிக்கும்போது உறை கழன்று கையோடு வந்துவிடுகிறது! அன்றிலிருந்து வெறும் இரும்புக் குழாய்தான். "அதனால் என்ன, சைக்கிள் ஓடாமலா போய்விடும்?" என்று கேட்பீர்கள். ஓடும். ஆனால் உங்கள் கை படும் பாட்டைச் சற்றுக் கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

ஏற்றத்தில் ஒரு கையால் கைப்பிடியை 8 கிலோகிராம் எடை அளவுள்ள விசையோடு இழுப்பதாக வைத்துக் கொள்ளுங்கள். கை வழுக்காமல் இருக்க வேண்டுமானால் உராய்வு விசையும் குறைந்தது 8 கிலோகிராம் எடை அளவு இருக்க வேண்டும். உராய்வு விசை இரண்டைப் பொறுத்தது. ஒன்று, நீங்கள் எவ்வளவு இறுக்கிப் பிடிக்கிறீர்கள் என்பது. மற்றொன்று, கைக்கும் கைப்பிடிக்கும் இடையேயுள்ள உராய்வுக் குணகம். இக்குணகம் 0.8 என்றால் மொத்தம் 10 கிலோகிராம் எடை அளவுக்கு இறுக்கினால் போதும். 0.4 ஆகக் குறைந்துவிட்டால்? 20 தேவை. பாதை மாறவில்லை, சைக்கிள் மாறவில்லை, நீங்களும் மாறவில்லை. கைப்பிடியின் மேற்பரப்பு மட்டும் வழவழப்பாகியது. விரல் தசைகளின் வேலை இரண்டு மடங்காகிவிட்டது.

இப்படி இறுக்கிப் பிடித்த கை விரைவில் களைக்கும், களைத்த கை நடுங்கும், வியர்க்கும். வியர்வை வழவழப்பை இன்னும் கூட்டும். ஆகவே கைப்பிடியில் நாம் சுற்றும் நாடா கையைத் தளர்வாகப் பிடிக்க விட வேண்டும். நல்ல கைப்பிடிக்கு இதுவே சோதனை என்பேன்.

தளர்வாகப் பிடிப்பதில் மற்றொரு நன்மையும் உண்டு. சமதளத்தில் ஒரு சைக்கிளை ஆள் இல்லாமல் வேகமாகத் தள்ளி விட்டுவிடுங்கள். உடனே விழாமல் கொஞ்ச தூரம் தானே ஓடும். ஒரு பக்கம் சாய்ந்தால் முன் சக்கரம் அந்தப் பக்கமே திரும்பிச் சாய்வைச் சரி செய்துகொள்ளும். டேவிட் ஜோன்ஸ் என்ற ஆங்கில வேதியியலாளர் 'ஓட்டவே முடியாத சைக்கிள்' ஒன்றைச் செய்ய முயன்று, அது எவ்வளவு கடினம் என்று 1970-இல் ஒரு சுவையான கட்டுரை எழுதினார். சைக்கிள் தன்னைத்தானே திருத்திக்கொள்ளும் இயல்புடையது. விறைத்த கைகளால் கைப்பிடியைப் பூட்டிவிட்டால் அந்தத் திருத்தத்தை நாமே தடுக்கிறோம். புதிதாகப் பழகுபவர் ஏன் வளைந்து வளைந்து போகிறார் என்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

பழகுபவர் என்றதும் நம் மாவட்டத்துக் கதை ஒன்றைச் சொல்லாமல் இருக்க முடியாது. 1991-இல் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் வீடு வீடாக எழுத்தறிவைக் கொண்டு சென்றது. அப்போதைய மாவட்ட ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத். எழுதப் படிக்கக் கற்றுக்கொடுக்கும் பெண் தொண்டர்கள் ஊர் விட்டு ஊர் போக வேண்டும். பேருந்து இல்லாத ஊர்களுக்கும் போக வேண்டும். ஆகவே சைக்கிள் பழகுவதும் எழுத்தறிவுத் திட்டத்தின் ஒரு பகுதியாயிற்று. விவசாயக் கூலிப் பெண்கள், கல் குவாரியில் வேலை செய்த பெண்கள், ஆசிரியைகள், அங்கன்வாடிப் பணியாளர்கள் எனப் பலரும் பழகினார்கள். 1992-இல் உலக மகளிர் தினத்தை ஒட்டி 1,500-க்கும் மேற்பட்ட பெண்கள் ஹேண்டில் பாரில் கொடி கட்டிக்கொண்டு, மணி அடித்துக்கொண்டு புதுக்கோட்டைத் தெருக்களில் ஊர்வலமாக வந்தார்கள். பத்திரிகையாளர் பி. சாய்நாத் இதை விரிவாக எழுதினார். அக்கட்டுரை இந்தி வடிவில் வட இந்திய மாணவர்களின் 8-ஆம் வகுப்புப் பாடநூலிலும் இடம்பெற்றது.

அப்பெண்களில் பலருக்கு லேடீஸ் சைக்கிள் கிடைக்கவில்லை. ஆண்கள் ஓட்டும் பெரிய சைக்கிளிலேயே பழகினார்கள். குறுக்குக் கம்பியில் குழந்தையை உட்கார வைக்கலாம் என்பதால் சிலருக்கு அதுவே பிடித்துப் போயிற்று. நினைத்துப் பாருங்கள்: முன்னால் குழந்தை, பின்னால் தண்ணீர்க் குடம், சரளைக்கல் பாதை. இத்தனையையும் கட்டுப்படுத்துவது இரண்டு உள்ளங்கைகள். அவை வழுக்கக் கூடாது.

எதைச் சுற்றலாம்?

சைக்கிள் கடையில் கிடைக்கும் பிளாஸ்டிக் கிரிப்பை வாங்கி மாட்டுவது எளிய வழி. குழாயின் விட்டத்துக்குச் சற்றுச் சிறிய துளையுள்ள கிரிப் இறுக்கமாக நிற்கும். சோப்புத் தண்ணீரில் நனைத்து மாட்டினால் உள்ளே வழுக்கிச் செல்லும். நீர் உலர்ந்ததும் பிடித்துக்கொள்ளும். எண்ணெய் தடவி மாட்டாதீர்கள். நீர் ஆவியாகிப் போகும், எண்ணெய் போகாது. கிரிப் என்றென்றைக்கும் சுற்றிக்கொண்டே இருக்கும். ஆனால் மலிவான கிரிப்புகளின் மேற்பரப்பு கடினமாகவும் வழவழப்பாகவும் இருக்கிறது. உலர்ந்த கைக்குப் பரவாயில்லை. சித்திரை வெயிலில் அறந்தாங்கிச் சாலையில் போகும் கைக்கு அது போதாது.

வியர்வையைப் பற்றி ஒரு வேடிக்கையான செய்தி. மண்வெட்டியோ கடப்பாரையோ பிடிப்பவர்கள் உள்ளங்கையில் எச்சிலைத் தடவிக்கொள்வதைப் பார்த்திருப்பீர்கள். ஈரம் வழுக்குமே, ஏன் அப்படிச் செய்கிறார்கள்? தோல் லேசாக ஈரமானால் மென்மையாகிறது. மென்மையான தோல் பிடியின் மேடுபள்ளங்களில் நன்றாகப் பதிகிறது, உண்மையில் தொட்டுக்கொண்டிருக்கும் பரப்பு கூடுகிறது, உராய்வும் கூடுகிறது. ஆனால் ஈரம் அளவுக்கு மிஞ்சினால் தோலுக்கும் பிடிக்கும் நடுவே நீர் ஒரு படலமாக நின்றுவிடும். பிறகு தோல் பிடியைத் தொடுவதே இல்லை, நீரின்மேல் மிதக்கிறது! ஆகவே கொஞ்சம் ஈரம் நண்பன், நிறைய ஈரம் பகைவன். கைப்பிடிக்கு நாம் தேடும் பொருள் மிகுதியான ஈரத்தை உறிஞ்ச வேண்டும். அல்லது அது வழிந்தோட இடம் விட வேண்டும்.

பருத்தி நாடா முதல் வகை. வியர்வையை உறிஞ்சிக்கொள்ளும், கைக்கு இதமாக இருக்கும், தையல் பொருள் விற்கும் கடையில் மலிவாகக் கிடைக்கும். மழையில் நனைந்த கொடிக்கயிறு விறைப்பாக நிற்பதைக் கண்டிருப்பீர்கள். நூல் நீரை உறிஞ்சித் தடிக்கும்போது நீளத்தில் சுருங்குகிறது. அதனால் உலர்ந்த நிலையில் இறுக்கிச் சுற்றிய பருத்தி நாடா வியர்வையில் தளராமல் இறுகவே செய்யும். குறை என்னவென்றால் அழுக்கேறும்; அதிர்வைக் குறைக்காது. மேல்நாட்டுப் பந்தயச் சைக்கிள்களில் ஒரு காலத்தில் பருத்தி நாடாவைச் சுற்றி அதன்மேல் அரக்குக் கரைசல் பூசினார்கள். அங்கே கைப்பிடி ஆட்டுக்கொம்பு போல் வளைந்திருக்கும். ஒவ்வொரு பக்கத்துக்கும் சுமார் 2 மீட்டர் நாடா வேண்டும். பின்னர் தக்கைத் துகள் கலந்த நாடாவும், நுரை போன்ற செயற்கைப் பொருள்களாலான நாடாக்களும் வந்தன. பெரிய நகரங்களில் அவை விற்கின்றன. விலையைக் கேட்டால் ஒரு டயரே வாங்கிவிடலாம் என்று தோன்றும்.

நம் ஊருக்கு நான் சிபாரிசு செய்வது பழைய டியூப். பஞ்சர் கடை மூலையில் ஒட்டுமேல் ஒட்டுப் போட்டு இனி உதவாது என்று தொங்கும் டியூப் இருக்கும்; கேட்டால் கொடுப்பார்கள். ரப்பருக்கு உராய்வுக் குணகம் அதிகம். இழுத்தால் நீளும், விட்டால் மீளும். இந்த மீட்சிதான் சுற்றும்போது நமக்கு வேண்டியது. காரணத்தைப் பின்னால் சொல்கிறேன். வெயிலில் நிறுத்திய சைக்கிளின் இரும்புக் குழாயைத் தொட்டால் சுடுகிறது. ரப்பரோ வெப்பத்தைக் கடத்துவதில் இரும்பைவிடச் சில நூறு மடங்கு மந்தமானது. ரப்பரின் பகைவன் எண்ணெய். தலைக்கு எண்ணெய் தேய்த்த கையோடு கைப்பிடியைப் பிடித்துக்கொண்டே இருந்தால் ரப்பர் உப்பி இளகிப் பிசுபிசுக்கும்.

கூடை பின்னும் பிளாஸ்டிக் ஒயரைப் பல நிறங்களில் பின்னி, முனையில் குஞ்சமும் தொங்கவிடுவார்களே, அது? பார்க்க மிக அழகு. பின்னியவரின் பொறுமையைப் பாராட்ட வேண்டும். ஆனால் ஒயர் கடினம், வழவழப்பு. ஒவ்வொரு இழையும் உள்ளங்கையில் கோடாகப் பதியும். அழகுக்காக வேண்டுமானால் கை படாத இடத்தில் பின்னிக்கொள்ளுங்கள்.

உள்ளங்கையில் அழுத்தம் ஓரிடத்தில் குவிவது சிறிய விஷயம் அன்று. நெடுந்தூரம் ஓட்டியபின் சுண்டு விரலும் மோதிர விரலும் மரத்துப் போவதை உணர்ந்திருக்கிறீர்களா? முழங்கையின் உட்புறம் இடித்துக்கொண்டால் 'சுரீர்' என்று மின்சாரம் பாய்வதுபோல் ஒரு நரம்பு துடிக்குமே, அதே நரம்பு உள்ளங்கையின் அடியில், சுண்டு விரல் பக்கமாக, ஒரு குறுகிய வாய்க்கால் வழியே விரல்களுக்குச் செல்கிறது. பிரெஞ்சு அறுவை மருத்துவர் கியோன் 1861-இல் விவரித்ததால் அது கியோன் வாய்க்கால் எனப்படுகிறது. உங்கள் உடல் எடையின் ஒரு பகுதியைக் கடினமான குழாய்மேல் அந்த இடத்தில் ஊன்றி, சரளைச் சாலையின் குலுக்கலையும் சேர்த்தால் நரம்பு நசுங்குகிறது. மெத்தென்ற உறை எடையைக் குறைக்காது, அதைப் பரவலாக்கும். அழுத்தம் என்பது விசையைப் பரப்பால் வகுத்தது என்று படித்தீர்களே, அதைக் கைப்பிடியில் பாருங்கள்.

அப்படியானால் தலையணை போல் தடிமனாகச் சுற்றிவிடலாமே என்று தோன்றும். வேண்டாம். பிடித்தால் கட்டை விரல் நுனி நடுவிரல் நுனியைத் தொட வேண்டும். தொடாத அளவுக்குத் தடித்துவிட்டால் விரல்களால் சரியாக இறுக்க முடியாது. பிரேக் லீவரையும் எட்டிப் பிடிப்பது கடினம். சிறு கைகளுக்கு இரண்டு அடுக்கு டியூப் போதும்.

சுற்றும் கணக்கு

சாதாரணச் சைக்கிள் கைப்பிடிக் குழாயின் விட்டம் ஏறத்தாழ 22 மில்லிமீட்டர். சுற்றளவு சுமார் 7 சென்டிமீட்டர். கை பிடிக்கும் நீளம் 12 சென்டிமீட்டர் என்று கொள்வோம். டியூபிலிருந்து 3 சென்டிமீட்டர் அகலத்தில் நீளவாட்டில் ஒரு பட்டை வெட்டுங்கள். ஒவ்வொரு சுற்றும் முந்தைய சுற்றின் பாதியை மூட வேண்டும். அப்படியானால் ஒரு சுற்றுக்கு 1.5 சென்டிமீட்டர் முன்னேறுகிறோம். 12 சென்டிமீட்டருக்கு 8 சுற்று. இரு முனைகளிலும் ஒவ்வொரு சுற்று கூடுதலாக வைத்தால் 10 சுற்று, அதாவது 70 சென்டிமீட்டர். பட்டையைக் கால் பங்கு நீளும்படி இழுத்துச் சுற்றுவதால் 56 சென்டிமீட்டர் பட்டையே 70 ஆகிவிடும். செருகவும் சீவவும் சேர்த்து 75 சென்டிமீட்டர் வெட்டிக்கொண்டால் தாராளம். பெரிய சைக்கிளின் ஒரு டியூப் 2 மீட்டருக்கு மேல் நீளம் இருக்கும். இரு கைப்பிடிகளுக்கும் போக மிச்சம் உண்டு.

வெட்டிய பட்டையைச் சோப்புப் போட்டுக் கழுவி உலர்த்துங்கள். டியூபின் உட்புறத்தில் ஒட்டாமல் இருக்கத் தூவிய வெண்தூள் இருக்கும். அதைப் போக்காவிட்டால் பட்டை வழுக்கும். குழாயிலுள்ள துருவை உப்புத்தாளால் தேய்த்துத் துடைத்துவிடுங்கள்.

பட்டையை ஏன் இழுத்துச் சுற்ற வேண்டும்? நீட்டிய ரப்பர் சுருங்கப் பார்க்கிறது. நேராக இருந்தால் இரு முனைகளை மட்டுமே இழுக்கும். வளைந்து சுற்றியிருக்கும்போது அந்த இழுவிசை குழாயை உள்நோக்கி அமுக்கும் அழுத்தமாக மாறுகிறது. எவ்வளவு அழுத்தம்? இழுவிசையைக் குழாயின் ஆரத்தாலும் பட்டையின் அகலத்தாலும் வகுத்தால் கிடைக்கும். 1 கிலோகிராம் எடை அளவு இழுத்தால், ஆரம் 1.1, அகலம் 3 சென்டிமீட்டர். ஆகவே ஒரு சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் 0.3 கிலோகிராம் எடை. இரண்டு அடுக்குக்கு 0.6. பிடி முழுவதன் பரப்பு 7 × 12, அதாவது 84 சதுர சென்டிமீட்டர். மொத்தம் 50 கிலோகிராம் எடை! வெறும் ஒரு கிலோ இழுப்பில் அரிசி மூட்டை ஒன்றின் பாரத்தைக் குழாயின்மேல் ஏற்றிவிட்டோம். உராய்வுக் குணகம் 0.5 என்றாலும் இந்த உறையைத் திருகிப் புரட்ட 25 கிலோகிராம் எடை அளவு விசை வேண்டும். தளர்ந்த பிளாஸ்டிக் கிரிப் தானாகச் சுற்றுவதும் ரப்பர்ப் பட்டை சுற்றாததும் ஏன் என்று இப்போது விளங்கும். ஆரம் குறையக் குறைய அழுத்தம் கூடும் என்பதையும் கவனியுங்கள். இதே பட்டை சைக்கிள் குழாயில் கவ்வுகிறது. தண்ணீர்க் குடத்தின் வயிற்றில் சுற்றினால் நழுவுகிறது.

எங்கிருந்து தொடங்குவது? குழாயின் திறந்த வெளி முனையிலிருந்து தொடங்கி நடுப்பகுதியை நோக்கிச் செல்லுங்கள். ஓட்டு வீட்டுக் கூரை வேய்பவர் கீழ் வரிசையை முதலில் வைத்து மேல் வரிசையை அதன்மேல் படிய வைக்கிறார் அல்லவா? ஏற்றத்தில் இழுக்கும்போது கை வெளி முனையை நோக்கித்தான் வழுக்கப் பார்க்கும். வெளியிலிருந்து உள்ளே சுற்றினால், ஓட்டின்மேல் மழைநீர் வழிவதுபோல் கை பட்டையின் விளிம்புகளைத் தாண்டிச் செல்லும். மாறாகச் சுற்றினால் ஒவ்வொரு விளிம்பையும் கை உரித்துவிடும்.

திசையும் முக்கியம். ஏற்றத்தில் இழுக்கும் கை கைப்பிடியின் மேற்பக்கத்தை நம்மை நோக்கித் திருகுகிறது. மோட்டார் சைக்கிளில் வேகத்தைக் கூட்ட முறுக்கும் அதே திசை. பட்டையையும் குழாயின் மேல்பக்கமாக நம்மை நோக்கி வரும்படி சுற்ற வேண்டும். ஏன் என்பதை ஒரு பென்சிலில் செய்து பாருங்கள். ஒரு ரிப்பனின் முனையைப் பென்சிலில் ஒட்டி, ஆறு சுற்றுச் சுற்றி, சுற்றியதை இரு விரல்களால் பிடித்துச் சுற்றிய திசையிலேயே திருகுங்கள். இறுகும். எதிர்த் திசையில் திருகுங்கள். சுற்றுகள் உப்பிக்கொண்டு தளரும். சுற்றிய திசையில் திருகினால் ஒட்டிய முனை இழுவிசையைத் தாங்குகிறது. எதிர்த் திசையில் திருகினால் கட்டப்படாத கடைசி முனை தாங்க வேண்டியிருக்கிறது. இடக் கைப்பிடியும் வலக் கைப்பிடியும் ஒன்றுக்கொன்று கண்ணாடிப் பிம்பமாக அமைந்தால் சரியாகச் சுற்றியிருக்கிறீர்கள் என்று பொருள்.

கடைசி முனை

சுற்றுவது எல்லோருக்கும் வரும். முடிப்பதில்தான் பெரும்பாலோர் கோட்டை விடுகிறார்கள். ஒரு வாரத்தில் வால் அவிழ்ந்து தொங்கும். அடுத்த வாரம் பாதிக் கைப்பிடி வெறுமையாகும். நன்றாக இறுக்கிச் சுற்றிய பட்டை ஏன் கடைசி முனையிலிருந்து அவிழ்கிறது?

ஜெகதாப்பட்டினம் அல்லது கோட்டைப்பட்டினம் கடற்கரைக்குப் போனால் படகைக் கட்டும் முறையைக் கவனியுங்கள். கயிற்றைக் கம்பத்தில் சில சுற்றுச் சுற்றினால் போதும். அலை இழுக்கும் படகை ஒரு சிறுவன்கூடக் கயிற்று நுனியைப் பிடித்து நிறுத்திவிடலாம். 18-ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த சுவிட்சர்லாந்துக் கணித மேதை ஆய்லர் இதன் கணக்கைக் கண்டார். உராய்வுக் குணகம் 0.3 என்றால் ஒரு முழுச் சுற்று, பிடிக்கும் விசையைச் சுமார் 6.6 மடங்காக்குகிறது. இரண்டாவது சுற்று அதை மீண்டும் 6.6 மடங்காக்கும். மூன்று சுற்றில் 6.6 × 6.6 × 6.6, அதாவது ஏறத்தாழ 285 மடங்கு. 200 கிலோகிராம் எடை அளவு இழுக்கும் படகை ஒரு கிலோவுக்கும் குறைந்த விசையால் நிறுத்தலாம். குழாயின் தடிமன் எவ்வளவு என்பது இந்தக் கணக்கில் வருவதே இல்லை. எத்தனை சுற்று என்பதுதான் வருகிறது.

நம் கைப்பிடியில் பத்துச் சுற்று இருக்கிறது. கை நடுவில் எவ்வளவு முரட்டுத்தனமாக இழுத்தாலும் அந்த இழுப்பு கடைசி முனைக்கு வந்து சேரும்போது மிக மிகச் சிறியதாகிவிடும். அதனால் கடைசி முனையைப் பிடித்திருக்க மிகச் சிறிய விசை போதும். ஆனால் அந்தச் சிறிய விசை இருந்தே ஆக வேண்டும்! ஆய்லர் கணக்கு ஒரு பெருக்கல். பூச்சியத்தை எத்தனை மடங்கு பெருக்கினாலும் பூச்சியமே. சிறுவன் கயிற்று நுனியை அடியோடு விட்டுவிட்டால் படகு போய்விடும். பட்டையின் முனையை விட்டுவிட்டால் கடைசிச் சுற்றில் இழுவிசை போகும். அது தளர்ந்ததும் அதற்கு முந்தைய சுற்றுக்கு ஆதாரம் போகும். இப்படியே பின்னோக்கி அவிழ்ந்துகொண்டு வரும். பஞ்சர் சொல்யூஷனை முனை முழுக்கப் பூசி, 'நன்றாகப் பிடிக்கட்டும்' என்று எண்ணுபவர்கள் உண்டு. அவ்வளவு பலம் தேவையே இல்லை. விடாமல் பிடித்திருக்கும் ஒரு சிறு கட்டுப் போதும்.

முதலில் பட்டையின் கடைசி ஐந்தாறு சென்டிமீட்டரைக் கத்தரிக்கோலால் சாய்வாகச் சீவுங்கள். பட்டை சாய்வாகச் சுற்றிவருவதால், சீவாமல் விட்டால் முடிவில் ஒரு முக்கோணம் துருத்தி நிற்கும். சீவினால் விளிம்பு குழாய்க்கு நேர் குறுக்காக அமையும். அதன்மேல் மின்சாரக்காரர் பயன்படுத்தும் இன்சுலேஷன் டேப்பை மூன்று சுற்றுச் சுற்றலாம். இங்கே ஒரு நுட்பம் உண்டு. முதல் இரண்டு சுற்றை இழுத்துச் சுற்றுங்கள். மூன்றாவதை இழுக்காமல் வெறுமனே படிய வையுங்கள். டேப்பைப் பிய்க்காமல் கத்தரியால் வெட்டுங்கள். நீண்ட நிலையில் ஒட்டிய நுனி சுருங்கவே பார்த்துக்கொண்டிருக்கும். வெயில் பட்டுப் பசை இளகியதும் மெதுவாகப் பின்வாங்கி, கறுப்புப் பிசினை விட்டுவிட்டு எழும்பிவிடும். இழுக்காமல் ஒட்டிய நுனிக்குப் பின்வாங்கக் காரணம் இல்லை.

இன்சுலேஷன் டேப்பை நம் கோடைவெயில் ஓராண்டில் தின்றுவிடும். நூல் கட்டு நெடுநாள் நிற்கும். தடித்த பருத்தி நூல் ஒன்றரை மீட்டர் எடுங்கள். ஒரு முனையை 5 சென்டிமீட்டர் அளவில் மடித்துக் கண்ணியாக்கி, குழாயின் நீளவாட்டில் பட்டையின் முடிவின்மேல் படிய வையுங்கள். கண்ணி ஒரு பக்கமும் நூலின் குட்டை நுனி மறுபக்கமும் வெளியே தெரிய வேண்டும். இப்போது நூலின் நீண்ட பகுதியைக் கண்ணியின் மேலேயே, குட்டை நுனிப் பக்கத்திலிருந்து கண்ணியின் வாயை நோக்கி, இடைவெளி இல்லாமல் பத்துப் பன்னிரண்டு சுற்று இறுக்கிச் சுற்றுங்கள். மிஞ்சிய நுனியைக் கண்ணிக்குள் நுழையுங்கள். பிறகு மறுபக்கமுள்ள குட்டை நுனியைப் பிடித்து இழுங்கள். கண்ணி சுருங்கி, நுழைத்த நுனியையும் இழுத்துக்கொண்டு சுற்றுகளுக்கு அடியில் போய் மறையும். பாதி தூரம் போனதும் நிறுத்தி, வெளியே தெரியும் இரு நுனிகளையும் ஒட்ட வெட்டிவிடுங்கள். முடிச்சே இல்லை, அவிழ்க்க நுனியும் இல்லை. நூலின் இரு நுனிகளையும் அதன் சொந்தச் சுற்றுகளே அமுக்கிக்கொண்டிருக்கின்றன. தூண்டில் கழியில் வளையம் கட்டுபவர்கள் இதே வகையில்தான் முடிக்கிறார்கள்.

கடைசியாக ஒன்று. பட்டையைத் தொடங்கும்போது வெளி முனையில் ஒன்றரை சென்டிமீட்டரைக் குழாய்க்குள் மடித்துவிட்டு, அதன்மேல் ஓர் அடைப்பானை அழுத்திச் செருகுங்கள். பிளாஸ்டிக் அடைப்பான் சைக்கிள் கடையில் கிடைக்கும். கிடைக்காவிட்டால் தக்கையையோ மென்மையான மரத்துண்டையோ உருண்டையாகச் சீவிக்கொள்ளலாம். பட்டையின் தொடக்கத்தை இது கவ்விக்கொள்ளும். அதைவிட முக்கியமான வேலையும் இதற்கு உண்டு. கீழே விழும்போது கைப்பிடி திரும்பி அதன் முனை வயிற்றில் குத்துவது சைக்கிள் விபத்துகளில் சாதாரணம். திறந்த குழாயின் விளிம்பு வட்டமான கத்தி போன்றது. குழாயின் தகடு ஒன்றரை மில்லிமீட்டர் தடிமன் என்றால் அந்த வளையத்தின் பரப்பு ஏறத்தாழ 1 சதுர சென்டிமீட்டர்தான். முனை முழுவதும் மூடியிருந்தால் பரப்பு 3.8 சதுர சென்டிமீட்டர். அதே விசைக்கு அழுத்தம் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்காகிவிடுகிறது. விளிம்பின் கூர்மையும் மறைகிறது. மிதமான வேகத்தில் விழுந்த சிறுவர்களுக்கும் கைப்பிடி முனை பட்டு, வெளியில் சிறு வட்டத் தழும்பு மட்டும் தெரிய, உள்ளே கல்லீரலும் மண்ணீரலும் கணையமும் காயப்பட்டதை மருத்துவர்கள் பல நாடுகளில் பதிவு செய்திருக்கிறார்கள். அப்படி யாராவது விழுந்து வயிறு வலிக்கிறது என்றால், வெளிக்காயம் இல்லையே என்று இருந்துவிடாமல் மருத்துவமனைக்கு அழைத்துச் செல்ல வேண்டும்.

நம் மாநிலத்தில் மேல்நிலைப் பள்ளி மாணவர்களுக்கு அரசே இலவசமாகச் சைக்கிள் வழங்குகிறது. உங்கள் பள்ளியின் சைக்கிள் நிறுத்துமிடத்தில் ஒரு நாள் சுற்றி வந்து, எத்தனை கைப்பிடிகளில் உறை சுற்றுகிறது, எத்தனை குழாய் முனைகள் திறந்து கிடக்கின்றன என்று எண்ணிப் பாருங்கள். திறந்த முனைகளை முதலில் அடையுங்கள். பட்டை சுற்றுவது அடுத்த ஞாயிற்றுக்கிழமைக்குக் காத்திருக்கலாம். சுற்றி ஒரு வாரம் ஆனதும் கைப்பிடியை இரு திசைகளிலும் திருகிப் பாருங்கள். ரப்பர் புதிய நிலைக்குப் படிந்து சற்றுத் தளர்ந்திருக்கும். நூல் கட்டை அறுத்துவிட்டு, கடைசி மூன்று சுற்றை மட்டும் அவிழ்த்து, மீண்டும் இழுத்துச் சுற்றிக் கட்டினால் போதும். முழுவதையும் பிரிக்க வேண்டியதில்லை.